பொறியியல் படித்த கணக்கு டீச்சருக்குப் பள்ளியில் என்ன எதிர்காலம்?

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்து, பி.எட். படித்து, ஈரோடு பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் நான்கு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். பொறியியலை வகுப்பறைக்குக் கொண்டுவரும் ஆசிரியர்களுக்கு இனி நல்ல வாய்ப்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையில் என்ன வேலை இருக்கிறது, என்ன வளர்ச்சி இருக்கிறது? இல்லை, கூடப் படித்தவர்கள் மாதிரி நானும் ஐ.டி. பக்கம் போயிருக்க வேண்டுமா?

பதில்:

வணக்கம் டீச்சர். கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அது உங்கள் வீட்டுக் கணக்கு. மற்றதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும். இருபது வருடத்துக்கு மேல் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் எடுத்தவன் நான். கடைசி சில வருடங்கள் ஆசிரியர் பயிற்சிகளில் பாடம் நடத்தும் கருத்தாளராகவும் சுற்றியிருக்கிறேன்.

முதலில் கசப்பான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவை விட்டுவிட்டால், நம் நாட்டுப் பள்ளிகளில் 'பொறியியல் ஆசிரியர்' என்றொரு பணியிடம் கிடையாது. இங்கிலாந்தில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' 1990 முதல் தேசியப் பாடத்திட்டத்தில் ஒரு தனிப்பாடம். அதற்கென்று பட்டறை, அதற்கென்று ஆசிரியர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2001இல் பள்ளி அறிவியல் பாடத்திட்டத்துக்குள்ளேயே பொறியியலைச் சேர்த்தது. பாஸ்டனில் உள்ள அறிவியல் அருங்காட்சியகம் 2003இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பொறியியல் பாடத்தொகுப்பைத் தயாரிக்க ஆரம்பித்தது. 2013இல் வந்த 'அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள்' பல மாநிலங்களுக்கு இதைப் பரப்பின. பாடம் எழுத, ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்க, மதிப்பீடு தயாரிக்க என்று அங்கே இதைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்துவிட்டது.

நமக்கு யோசனை கிடைக்காமல் இல்லை. 1937இல் வார்தாவில் காந்தி பேசிய ஆதாரக் கல்வி கைத்தொழிலை வைத்தே மற்ற பாடங்களையும் சொல்லித்தரச் சொன்னது. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி குழு 'பணி அனுபவம்' வேண்டும் என்றது. அதெல்லாம் கடைசியில் என்ன ஆனது? கால அட்டவணையில் ஒரு பீரியடாக ஒடுங்கி, அந்த பீரியடையும் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்ளும் நிலைக்கு வந்தது. நீங்களும் வாங்கியிருப்பீர்கள், நானும் வாங்கியிருக்கிறேன்.

ஆக, இங்கே பொறியியல் என்பது வேறொரு வேலையின் மேல் ஏறி உட்காரும் வேலை. கணக்கு ஆசிரியராகவோ அறிவியல் ஆசிரியராகவோ இருந்துகொண்டு அதையும் செய்வீர்கள். சம்பளச் சீட்டில் அது தெரியாது. அப்படியானால் வாய்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொன்னால் தெளிவாக இருக்கும்.

எங்கள் பள்ளி மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்துவிடுவார்கள், தண்ணீர் வழிந்து படிக்கட்டெல்லாம் பாசி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டேன். பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்று, ஒரு பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி, இரண்டு செம்புக் கம்பி. தண்ணீர் மேலே வந்து கம்பியைத் தொட்டதும் அதன் வழியாகச் சின்னதாக மின்னோட்டம் பாயும், டிரான்சிஸ்டர் திறக்கும், பஸ்ஸர் கத்தும். எந்த அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் இப்படி நாலு மாடல் மேசையில் நிற்கும். எங்கள் மாடலும் முதல் நாளே வேலை செய்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அதற்கப்புறம்தான் பாடமே ஆரம்பித்தது. தொட்டி நிறைந்து மோட்டாரை அணைத்த பிறகும் கம்பி தண்ணீரிலேயே இருக்கிறதே, பஸ்ஸர் நிற்கவில்லை. ஒரே வாரத்தில் பேட்டரி காலி. ஒரு ஸ்விட்ச் வைத்தார்கள். அதைத் திரும்பப் போட ஆயாம்மா மறந்துவிட்டார். மோட்டார் போடுகிறவர் சத்துணவுக் கூடத்தில் நிற்கிறார், மாடியில் கத்துகிற பஸ்ஸர் அவர் காதில் விழவே இல்லை. ஒயரை நீட்டினார்கள். ஒன்றரை மாதத்தில் நேர்முனையோடு இணைத்த செம்புக் கம்பி பச்சை பூத்துப் போனது. மின்னாற்பகுப்பு பாடத்தில் வருவதாயிற்றே என்று நான் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கேட்டாள்: "அந்தப் பச்சை கரையுற தண்ணியத்தான சார் நாம குடிக்கிறோம்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. கம்பியை அன்றைக்கே கழற்றினோம். எவர்சில்வர் கரண்டிக் காம்பு வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு கோஷ்டி, தண்ணீரில் மின்சாரமே வேண்டாம் என்று இன்னொரு கோஷ்டி. இரண்டாவது கோஷ்டி ஜெயித்தது. தெர்மோகோல் மிதவையில் ஒரு காந்தம், பி.வி.சி. குழாய்க்குள் அது மேலே ஏறியதும் வெளியில் ஒட்டியிருக்கும் ரீட் ஸ்விட்ச் மூடிக்கொள்ளும். தண்ணீரை எந்தக் கம்பியும் தொடாது. இதை முடிக்க மூன்று மாதம் ஆனது.

முதல் நாள் நடந்தது அறிவியல் செயல்முறை. அடுத்த மூன்று மாதம் நடந்ததைப் பொறியியல் என்பேன். யாருக்காகச் செய்கிறோம், எத்தனை ரூபாயில், எத்தனை நாள் தாங்கும், கெட்டுப்போனால் யார் சரிசெய்வார், யாருக்காவது தீங்கு வருமா என்ற கேள்விகளெல்லாம் அங்கேதான் வந்தன. இதை நீங்கள் நான்கு வருடம் கல்லூரியில் படித்திருக்கிறீர்கள். நாங்கள் பி.எஸ்சி. இயற்பியல்காரர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

இந்த மூன்று மாதத்தையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். பிள்ளைகள் வரைந்த படம், கடை பில், கெட்டுப்போன கம்பியின் போட்டோ எல்லாம் அதில் ஒட்டியிருந்தது. மாவட்ட அளவில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது, சும்மா பேச்சுவாக்கில் அந்த நோட்டைக் காட்டினேன். அடுத்த பயிற்சிக்கு என்னைக் கருத்தாளராகக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் நான் வாங்கிய சான்றிதழ்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. அவற்றை வைத்து யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நான் சொல்லவருவது இவ்வளவுதான்: இந்தத் துறையில் உங்களுக்குத் திறக்கும் எல்லாக் கதவுக்கும் சாவி, உங்கள் வகுப்பில் நீங்கள் செய்து, கெட்டு, திருத்தி, எழுதிவைத்த வேலைதான். இனி அந்தக் கதவுகளைப் பார்ப்போம்.

பெரிய கதவு, அடல் டிங்கரிங் ஆய்வகம். 2016இல் நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் ஆரம்பித்தது. தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். அதில் 10 லட்சம் ஆய்வகம் அமைக்க, மீதி ஐந்து வருடம் நடத்த. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பிள்ளைகள் வரலாம். மின்னணு, ரோபோ சாமான்கள், முப்பரிமாண அச்சு இயந்திரம், சாதாரணச் சுத்தியல் ஸ்பானர் வரை எல்லாம் பட்டியலில் உண்டு. நாடு முழுக்கப் பத்தாயிரம் பள்ளிகளில் வந்துவிட்டது. அடுத்த ஐந்து வருடத்தில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 அமைப்போம் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள்.

இந்த ஆய்வகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாசிரியர் வேண்டும். பல பள்ளிகளில் அந்தப் பொறுப்பு கம்ப்யூட்டர் சார் தலையிலோ இயற்பியல் டீச்சர் தலையிலோ வந்து விழுகிறது, அவர்களும் வேண்டாவெறுப்பாக ஏற்கிறார்கள். ஏனென்றால் இதற்கு வகுப்பைக் குறைக்க மாட்டார்கள், கூடுதல் சம்பளமும் வழக்கமாகக் கிடையாது. இருப்புப் பதிவேடு, பயன்பாட்டுச் சான்றிதழ், தணிக்கை எல்லாம் உண்டு. நான் பார்த்த ஒரு பள்ளியில் முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்குத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். யாராவது ஆய்வுக்கு வந்தால் துணியை எடுப்பார்கள், போனதும் போர்த்துவார்கள். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். இந்த நிலையில் லேத்தும் ட்ரில்லும் தொட்டுப் பழகிய ஒருவர் ஒரு பள்ளிக்கு வந்தால் நிர்வாகம் விடாது. தனியார் பள்ளியில் உங்கள் சம்பளத்தைப் பேசி உயர்த்த இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஆனால் பொறுப்பை ஏற்கும் முன் வாரத்துக்கு எத்தனை பீரியட் அந்த ஆய்வகத்துக்கு என்பதைக் கால அட்டவணையில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை ஜூன் மாதத்தோடு சரி.

உங்கள் பள்ளியில் அந்த ஆய்வகமே இல்லையென்றால் வெளியிலிருந்தும் நுழையலாம். இந்த ஆய்வகங்களுக்கு வழிகாட்டத் தன்னார்வலர்களை எடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு, 'மாற்றத்துக்கான வழிகாட்டி' என்பார்கள். பணம் கிடையாது. ஆனால் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒரு வருடம் போய்வந்தால் கருவிகள் கைக்குப் பழகும், ஆட்களும் பழக்கமாவார்கள்.

தமிழ்நாட்டில் மாநில அரசின் திட்டங்களும் இருக்கின்றன. வானவில் மன்றம் 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கியது; 13,210 அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்புக்கு அறிவியல், கணித சோதனைகள். கருத்தாளர்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். அதில் வேலை பார்த்த இளைஞர்கள் சிலரை எனக்குத் தெரியும். வருமானம் என்று பார்த்தால் பெரிதாக இல்லை. ஆனால் ஒரே பாடத்தை இருபது ஊர்ப் பிள்ளைகளிடம் செய்துபார்த்த அனுபவம் நிரந்தரப் பணியில் இருக்கும் எங்களுக்குக்கூடக் கிடைக்காது. பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம் என்று இன்னொன்று: தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், யுனிசெஃப், பள்ளிக்கல்வித் துறை மூன்றும் சேர்ந்து நடத்துவது. இதில் வழிகாட்டி ஆசிரியருக்கு முதலில் பயிற்சி, பிறகு பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து உள்ளூர்ப் பிரச்சினைக்குத் தீர்வு அனுப்ப வேண்டும். செயற்கை நுண்ணறிவும் ரோபோவும் சொல்லித்தரும் தமிழ்நாடு ஸ்பார்க் திட்டமும் வந்திருக்கிறது. இவை அரசுப் பள்ளிகளைச் சுற்றியே நடப்பவை, மெட்ரிக் பள்ளியில் இருக்கும் உங்களுக்கு நேரடியாகக் கிடைப்பது குறைவு.

உங்களுக்கு உடனே கிடைப்பது இன்ஸ்பயர் மானக். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையும் நடத்துவது, தனியார் பள்ளியும் கலந்துகொள்ளலாம். பள்ளிகள் தங்கள் பிள்ளைகளின் யோசனைகளை அனுப்பலாம். தேர்வான பிள்ளைக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் கணக்கில் வரும். இதில் ஒரு வியாதி உண்டு, யூடியூபில் பார்த்த ஸ்மார்ட் செருப்பு, ஸ்மார்ட் குப்பைத்தொட்டி என்று ஊர் ஊராக ஒரே யோசனை. அந்தக் கூட்டத்தில் உங்கள் பள்ளிப் பிள்ளை பவானி ஜமக்காளத் தறியில் பாட்டிக்கு வரும் முதுகுவலிக்கு ஏதாவது யோசித்து வந்தால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார். நானே நடுவராக உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும் இருக்கிறது, 1993இலிருந்து நடக்கிறது, தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். வழிகாட்டி ஆசிரியர் என்று அதில் உங்கள் பெயரும் வரும்.

சி.பி.எஸ்.இ. பக்கம் சந்தை வேறு மாதிரி. அங்கே செயற்கை நுண்ணறிவு 2019–20இல் 9ஆம் வகுப்புக்கு விருப்பப் பாடமாக வந்தது, இப்போது மேல்நிலையிலும் இருக்கிறது. 6 முதல் 8 வரை சின்னச் சின்னத் திறன் பாடங்களும் இருக்கின்றன. கோவை, சென்னை, ஏன் உங்கள் ஈரோட்டிலும்கூட 'ஸ்டெம் ஆசிரியர்', 'ரோபாட்டிக்ஸ் ஆசிரியர்' என்று விளம்பரம் பார்க்கலாம் (ஸ்டெம் என்றால் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கும் சேர்ந்தது). பள்ளியே நேரடியாக வேலைக்கு எடுத்தால் தாராளமாகப் போங்கள். ரோபோ கிட் விற்கும் கம்பெனி உங்களை எடுத்து, பள்ளிக்கு அனுப்பிவைக்கும் வகை ஒன்று இருக்கிறது, அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். என்னிடம் படித்த பையன் ஒருவன் அப்படி ஒரு கம்பெனியில் சேர்ந்தான். பதினொரு மாத ஒப்பந்தம், பி.எஃப். இல்லை, வாரத்துக்கு ஐந்து பள்ளி. கிட்டில் இருக்கும் பதினைந்து மாடலையும் புத்தகத்தைப் பார்த்து முறுக்கவைப்பதுதான் பாடம். ஒரு பிள்ளை மாற்றி யோசித்தால் சாமான் தொலைந்துவிடும் என்று தடுக்க வேண்டும். அவன் சொன்னான், "சார், நான் டீச்சரும் இல்ல, இன்ஜினியரும் இல்ல, ஸ்டோர் கீப்பர்." ஒரு வருடத்தில் வெளியே வந்துவிட்டான்.

அரசு வேலை உங்கள் மனதில் இருக்கும், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள்தான் பொறியியல் பட்டதாரிக்கு 55 சதவீத மதிப்பெண்ணோடு பி.எட். கதவைத் திறந்துவிட்டன. நீங்கள் அந்த வழியாக வந்தவர்தான். பி.இ.யும் பி.எட்.டும் உள்ளவர் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் இரண்டாம் தாளை எழுதி 6 முதல் 8 வரை கணக்கு ஆசிரியராகத் தகுதி பெறலாம். டெட் தேறினால் வேலை என்ற காலம் மட்டும் போய்விட்டது. 2018 அரசாணைக்குப் பிறகு தனியாகப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். எழுதுங்கள். ஆனால் அதற்காக வாழ்க்கையை ஐந்து வருடம் நிறுத்திவைக்காதீர்கள்.

மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவு ஒன்று இருப்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அடிப்படை இயந்திரவியல், மின்னியல், மின்னணுவியல், கட்டடப் பொறியியல், ஆட்டோமொபைல், நெசவுத் தொழில்நுட்பம் என்று பள்ளிக்குள்ளேயே பொறியியல் பாடம் இருக்கிறது, பொறியியல் கலந்தாய்வில் இந்தப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. என்னைக் கேட்டால் மாநிலத்தில் அதிகம் வீணாகும் வாய்ப்பு இதுதான். 'மார்க் குறைந்த பிள்ளைகளின் குரூப்' என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிட்டோம். ஓய்வுபெற்றுப் போகும் தொழிற்கல்வி ஆசிரியரின் இடத்துக்குப் புதிதாக ஆள் வருவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்தேன். ஒருவேளை பணியிட அறிவிப்பு வந்தால், மெக்கானிக்கல்காரரான நீங்கள் முதல் ஆளாக விண்ணப்பியுங்கள்.

பகுதிநேரப் பணி என்று ஏதாவது வந்தால் மட்டும் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசியுங்கள். 2012இல் ஓவியம், தையல், கணினி, கட்டடக்கலை, தோட்டக்கலை என்று 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து அது 12,500 ரூபாயாகியிருந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் எத்தனை முறை உட்கார்ந்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. கையால் செய்யும் பாடங்களை நம் அமைப்பு எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது.

சரி, எங்கே போய்க் கற்றுக்கொள்வது? காசு கட்டி ஆன்லைனில் 'சர்வதேச ஸ்டெம் பயிற்றுநர்' சான்றிதழ் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கைக்கு வேலை கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. ஐ.ஐ.டி. காந்திநகரில் படைப்பாக்கக் கற்றல் மையம் என்று ஒன்று. அங்கே கணக்கையும் அறிவியலையும் காகிதம், குச்சி, மோட்டார் வைத்துச் செய்யும் விதம் அபாரம், அவர்களுடைய வீடியோக்களை இலவசமாகவே பார்க்கலாம். மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 1974இலிருந்து இயங்குகிறது. பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் கற்பிப்பதைப் பற்றி நம் நாட்டில் பொறுமையாக ஆராய்ச்சி செய்தவர்கள் அவர்கள்தான், அறிவியல் கல்வியில் முனைவர் பட்டமும் கொடுக்கிறார்கள். கர்நாடகத்தில் சள்ளகெரேயில் இந்திய அறிவியல் கழகத்தின் வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கிறது, தங்கியிருந்து ஆய்வகத்தில் கைநிறைய வேலை.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இவை எதுவும் இல்லை. புனே அருகில் பாபல் என்றொரு வறண்ட கிராமம், அங்கே விஞ்ஞான் ஆசிரமம். டாக்டர் கல்பாக் என்ற விஞ்ஞானி பெரிய கம்பெனி ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டு 1983இல் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 'அடிப்படைத் தொழில்நுட்ப அறிமுகம்' என்று ஒரு பாடம் வைத்தார்கள்: பொறியியல், மின்சாரமும் சுற்றுச்சூழலும், விவசாயமும் கால்நடையும், வீடும் ஆரோக்கியமும். வாரத்தில் ஒருநாள் பிள்ளைகள் வெல்டிங் செய்வார்கள், செங்கல் கட்டுவார்கள், ரத்த வகை பார்ப்பார்கள், ஊர்க்காரர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு சின்னச் சின்ன வேலையும் செய்து கொடுப்பார்கள். சொல்லிக்கொடுப்பவர்களில் உள்ளூர்த் தொழில் தெரிந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம், யாரும் வந்து பொருள் செய்துபார்க்கும் தன் 'ஃபேப் லேப்' பட்டறை ஒன்றை நாட்டுக்கு வெளியே வைக்க நினைத்தபோது முதலில் தேடிவந்த இடங்களில் இந்தக் கிராமமும் ஒன்று. ஒரு கோடை விடுமுறையில் போய்ப் பாருங்கள்.

அமெரிக்காவில் எனக்குப் பொறாமை வரும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில், பள்ளி ஆசிரியர்கள் கோடையில் சில வாரங்கள் பல்கலைக்கழகப் பொறியியல் ஆய்வகத்தில் உதவித்தொகையோடு வேலை செய்யலாம். திரும்பி வரும்போது வகுப்புக்கு ஒரு பாடத்தையும் தயாரித்துக்கொண்டு வருவார்கள். தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேல் பொறியியல் கல்லூரிகள். கோடையில் அவற்றின் பட்டறைகள் பூட்டியே கிடக்கின்றன. இங்கே இப்படி ஒன்றை ஆரம்பிக்கப் பெரிய செலவு ஆகாது. திட்டம் வரும்வரை காத்திருக்காமல், நீங்கள் படித்த கல்லூரித் துறைத் தலைவருக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள்: மே மாதத்தில் பத்து நாள் பட்டறையைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று. பள்ளிகளோடு தொடர்பு இருப்பதாகக் காட்டினால் சேர்க்கைக்கு நல்லது என்று நினைக்கும் கல்லூரிகள் நிறைய. நூற்றுக்கு எண்பது, சரி என்பார்கள்.

ஆசிரியர் வேலையிலிருந்து பக்கவாட்டில் போகும் வழிகளும் உண்டு, அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கருத்தாளர், பாடநூல் எழுதும் குழு, கல்வித் தொலைக்காட்சி போன்றவற்றுக்குப் பாடம் தயாரிப்பது, அறிவியல் மையங்களிலும் கல்வித் தொண்டு நிறுவனங்களிலும் பாட வடிவமைப்பாளர் வேலை. தமிழில் நன்றாக எழுதத் தெரிந்த பொறியாளருக்கு இந்த இடங்களில் போட்டியே இல்லை. நான் பார்த்த வரையில் ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்த பயிற்சிக் கையேடுகளை ஆசிரியர்கள் மூன்றாம் பக்கத்தைத் தாண்டிப் படிப்பதில்லை. துளிர் மாதிரி சிறுவர் அறிவியல் இதழுக்கு இரண்டு பக்கம் எழுதிப் பழகுங்கள்.

உங்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது: நீங்கள் எடுப்பது கணக்கு. அரவிந்த் குப்தாவைத் தெரிந்திருக்கும், 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் லாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனார். அங்கே கிராமத்துச் சந்தையில் கிடைத்த தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து அவர் செய்தது முழுக்கக் கணக்குப் பாடம். மூன்று குச்சியை டியூபால் இணைத்தால் முக்கோணம், அழுத்தினாலும் அசையாது. நான்கு குச்சியை இணைத்தால் சதுரம், தொட்டாலே சாய்சதுரமாகப் படுத்துவிடும். ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) சர்வசமம் என்று கரும்பலகையில் எழுதுகிறோமே, மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணம் ஒன்றே ஒன்றுதான் என்று, அது ஏன் செல்போன் கோபுரமும் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமும் முக்கோண முக்கோணமாக இருக்கின்றன என்பதற்கான பதிலும் ஆகிவிடுகிறது.

இதை நாளைக்கே செய்யலாம், யாரிடமும் அனுமதி வேண்டாம். சதுரத்தைப் படுக்காமல் நிறுத்த எத்தனை குச்சி கூடுதலாக வேண்டும் என்று கேளுங்கள், ஒன்று என்பார்கள். ஐங்கோணத்துக்கு, அறுகோணத்துக்கு என்று போங்கள், ஒரு சூத்திரம் தானாக வந்து நிற்கும். அப்புறம் கனசதுரத்தை நிறுத்தச் சொல்லுங்கள், அங்கே அடிதடியே நடக்கும். தீக்குச்சி மருந்தை மட்டும் முதலில் உரசி நீக்கிவிடுங்கள். வால்வு டியூப் பழைய சைக்கிள் கடைகளில் இன்னும் மீட்டர் கணக்கில் கொடுக்கிறார்கள், நாற்பது பிள்ளைக்கு நான்கு மீட்டர் தாராளம். பில் வாங்கி நோட்டில் ஒட்டிவிடுங்கள்.